தும்பை ஏறாத பெட்டியும் அழுங்கு அங்கமுத்துவும்

ஒரு காட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சிங்கம் வரும் என்று எனக்கும் தெரியும். சிங்கமும் இருந்தது, எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் சிங்கம் கர்ஜித்தால் காடு ஒரு நிமிஷம்தான் நடுங்கும். கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஒரு வாரம் நடுங்கும். அதனால் நான் கம்ப்யூட்டரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பிடித்தால் கேளுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் இருந்த இடம் வளைப் பதிவு அலுவலகம். எந்தக் குகை யாருடையது, எந்தப் பொந்தில் யார் குடியிருக்கிறார்கள், எந்தப் புதர் யார் பேரில் இருக்கிறது என்கிற விவரம் மொத்தமும் அதற்குள்தான். ராஜாவின் குகைக்குப் பட்டா அதில்தான், எலியின் வளைக்குப் பட்டாவும் அதில்தான்.

அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உடும்பு. பெயர் உலகநாதன், பதவி எழுத்தர். உடும்புப் பிடி தெரியுமல்லவா, அவர் பிடித்திருந்தது நாற்காலியை. மற்றபடி நல்லவர், பக்திமான். போன ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு கம்ப்யூட்டருக்கும் வைத்தார். மானிட்டரின் நெற்றியில் ஒன்று. கீபோர்டின் நான்கு மூலையிலும் நான்கு. கீழே இருந்த சிபியு பெட்டியின் முகத்தில் பட்டையாக இரண்டு ஓட்டை இருந்தது. ஓட்டையை வெறுமனே விட அவருக்கு மனசு வரவில்லை. அதற்கும் வைத்தார், கட்டை விரலால் நன்றாக அழுத்தி வைத்தார். பெட்டியின் மேலே வாழை இலை போட்டு, பொரியும் நாட்டுச் சர்க்கரையும் படைத்து, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தூசியையும் அவர் துடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

இனிமேல்தான் கதை. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற சாமானுக்கு ஓ.எஸ். என்று பெயர். அந்தப் பெட்டியில் இருந்த பழைய ஓ.எஸ். பொங்கல் முடிந்த மறுநாள் 'அப்டேட் ஆகிறது, 27 சதவீதம், தயவுசெய்து அணைக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. மாசி வந்தது, பங்குனி வந்தது, 27 சதவீதம் அங்கேயே இருந்தது. உலகநாதனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தினமும் பத்து மணிக்கு வருவார், திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார், யார் வந்தாலும் திரையைக் காட்டுவார். அணைக்க வேண்டாம் என்று அதுவே தயவுசெய்து கேட்கும்போது அவர் என்ன செய்ய முடியும்?

இப்படி இருக்கும்போதுதான் புதன்கிழமை அங்கமுத்து வந்தான். அங்கமுத்து ஓர் அழுங்கு. எறும்புத்தின்னி என்றால் உங்களுக்கு உடனே தெரியும். உடம்பெல்லாம் செதில், முழ நீளத்துக்கு நாக்கு, வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வான், அப்புறம் யானை வந்து உருட்டினாலும் பிரிக்க முடியாது. பகல் முழுக்கத் தூங்கி, பொழுது சாய்ந்த பிறகு எழுந்து எறும்பு தேடுகிற பிராணி அவன். அலுவலகமோ காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. இந்த நேரத்தை வைத்தவர்கள் அழுங்கைக் கேட்டு வைக்கவில்லை.

அவன் வந்த காரணம் மரத்துக்கு மரம் ஒட்டியிருந்த நோட்டீஸ். 'வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதியப்படாத வளைகள் புறம்போக்காகக் கருதப்படும். புறம்போக்கு, கேட்பவருக்கு வழங்கப்படும்.' காட்டில் மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ பதிந்துவிட்டவர்கள். அங்கமுத்துவின் அப்பா மட்டும் 'நாம தோண்டின வளைக்கு எவன்கிட்டப் போய் எழுதி வாங்கறது' என்று இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த வளைக்குள் அங்கமுத்துவின் மனைவி பவளாயி இருந்தாள். அவள் வாலில் தொற்றிக்கொண்டு, பிறந்து பதினெட்டே நாளான ஒரு குட்டி இருந்தது. வளைக்கு வெளியே வீராசாமி என்கிற காட்டுப்பன்றி தினமும் வந்து காலால் அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

"அஞ்சு மணி வரைக்கும் உன்னுது, அங்கமுத்து. அஞ்சு அஞ்சுக்கு நான் வர்றேன். நான் நியாயமானவன், அஞ்சு நிமிஷம் டைம் தர்றேன் பாரு" என்றான். ராஜாவின் சிபாரிசுக் கடிதத்தைக்கூட வாங்கி வைத்திருந்தான்.

அங்கமுத்து கொட்டாவி விட்டுக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சுவரில் மூன்று பலகைகள் இருந்தன. 'வரிசையில் நிற்கவும்.' அவன் ஒருவன்தான், இருந்தாலும் வரிசையில் நின்றான். 'சத்தம் போடாதீர்.' கொட்டாவியை அடக்கிக்கொண்டான். 'அலுவலகத்தினுள் உணவு உண்ணக் கூடாது.' இதைப் படித்தபோதுதான் அவனுக்குத் வாயில் எச்சில் ஊறிற்று. ஏனென்றால் எங்கிருந்தோ எறும்பு வாசனை வந்தது. நல்ல, கொழுத்த, சர்க்கரை தின்று வளர்ந்த எறும்பு வாசனை. கம்ப்யூட்டர் இருக்கும் பக்கமாகத்தான் வந்தது. சேச்சே, அரசாங்க இடத்தில் என்ன நினைப்பு இது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார், வளை பதியணும்" என்றான்.

உலகநாதன் திரையைக் காட்டினார். "பாத்தியா? இருபத்தேழு. நாளைக்கு வா."

வியாழக்கிழமை வந்தான். "இருபத்தேழு. நாளைக்கு வா."

"நாளைக்குக் கடைசி நாள் சார்."

"அதான் நாளைக்கு வரச் சொல்றேன். கடைசி நாளுக்குள்ள வந்தாதானே ஆகும்?"

அங்கமுத்து வீட்டுக்குப் போய்க் குட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இரை தேடவும் போகவில்லை, தூங்கவும் இல்லை.

"இப்படியே உக்காந்திருந்தா வளை தானா பதிஞ்சுக்குமா? மூங்கில் புதர் நவநீதன் கம்ப்யூட்டருக்கு என்னமோ புதுசாப் போட்டுத் தர்றானாமே, அவனைக் கையோட கூட்டிட்டுப் போங்க" என்றாள் பவளாயி.

நவநீதன் ஒரு தேவாங்கு. முகத்தில் பாதி கண். திரையைப் பார்த்துப் பார்த்தே அப்படி ஆகிவிட்டது என்று அவனைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். கழுத்தில் தாயத்து கட்டும் கயிற்றில் ஒரு பென் டிரைவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதற்குள் 'தும்பை' என்று ஒரு ஓ.எஸ். இருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம், மாதக் கணக்கில் அப்டேட் ஆகாது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வான். கேட்கிறவர்கள் ஓடிவிடுவார்கள். இவன் துரத்தமாட்டான், தேவாங்கு வேகத்தில் துரத்தினால் பிடிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் உலகநாதன் முன்னால் நின்றார்கள்.

"அரை மணி நேரம், சார். பழசை எடுத்துட்டுத் தும்பையைப் போட்டுடலாம்" என்றான் நவநீதன். அவன் எதற்கும் அரை மணி நேரம் என்றுதான் சொல்வான்.

"மேலிடத்துல ஏதாவது சொன்னா?"

"தும்பை போட்டா திரையில பூ வரும் சார். வெள்ளைப் பூ. தினமும் காலையில பூ முகத்துல முழிக்கலாம்."

உலகநாதன் ஒரு கணம் யோசித்தார். தும்பைப் பூ சிவனுக்கு உகந்தது. "சரி, செய்" என்றார்.

முதல் தகராறு அங்கேயே வந்தது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டதும் முதலில் ஒரு படம் வரும். அது மறைவதற்குள், இரண்டே விநாடியில், கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பென் டிரைவிலிருந்து ஆரம்பிக்கவா என்று பெட்டி கேட்கும். நவநீதனுக்குக் கையைத் தூக்கவே நான்கு விநாடி ஆகும். படம் வந்தது, கை பாதி வழியில் இருந்தது, படம் போய்விட்டது. பழைய ஓ.எஸ். வந்து உட்கார்ந்துகொண்டு '26 சதவீதம்' என்றது.

"ஐயையோ, ஒண்ணு குறைஞ்சிடுச்சே" என்று உலகநாதன் மார்பில் கை வைத்தார்.

மறுபடி செய்தான். 25. மறுபடி. 24. அங்கமுத்து உதவுகிறேன் என்று முன்னால் வந்தான், அவனுடைய மண்வெட்டி நகம் ஒரே நேரத்தில் ஒன்பது பொத்தானை அழுத்திற்று. பெட்டி கீச்சென்று கத்தியது. பதினொன்றரைக்கு நவநீதனுக்கு ஒரு யோசனை வந்தது. "சார், நான் இப்பவே கையை இறக்க ஆரம்பிக்கறேன். என் விரல் பொத்தானுக்கு ஒரு சாண் மேல வரும்போது நீங்க ஸ்விட்சைப் போடுங்க." உலகநாதன் வாலால் ஸ்விட்சைப் போட்டார். படம் வந்த அதே கணத்தில் விரல் இறங்கிற்று. நீலத் திரை வந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள்.

நீலத் திரை சொன்னது: 'துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.'

நவநீதன் பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினான். மெத்தென்று உள்ளே போயிற்று. 'எதுவும் கிடைக்கவில்லை.' பக்கத்து ஓட்டையில் செருகினான். அதிலும் மெத்தென்று போயிற்று. 'எதுவும் கிடைக்கவில்லை.' தலைகீழாகத் திருப்பினான், ஊதினான், சட்டையில்லாததால் வயிற்று முடியில் துடைத்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தான். அங்கே கீபோர்டுக்கும் மவுசுக்கும் பழைய காலத்து உருண்டை ஓட்டைகள்தான் இருந்தன. கடைசியில் ரொம்பத் தெரிந்தவன் போலத் தலையாட்டினான்.

"பிரச்சினை எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. பெட்டியில பூட்டு போட்டிருக்கு. வெளிச்சாமானை உள்ள விடாதேன்னு. அந்தப் பூட்டைத் திறக்க பாஸ்வேர்டு வேணும்."

"அது ராஜா போட்டது. திறப்பு விழா அன்னைக்கு அவரே தன் நகத்தால போட்டாரு. எனக்குக்கூடச் சொல்லலை" என்றார் உலகநாதன்.

ராஜாவின் குகைக்கு யார் போவது? உலகநாதன் நாற்காலியை விடமாட்டார். நவநீதன் போனால் புரட்டாசியில் திரும்புவான். ஆகவே மூன்று நாளாகச் சாப்பிடாத, தூங்காத அங்கமுத்துதான் ஓடினான். சிங்கம் பாறை மேல் படுத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அதன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அதை எப்படிடா நாலு பேருக்குத் தெரியச் சொல்றது? கிட்ட வா. காதைக் கொண்டா. ரகசியமாச் சொல்றேன்."

அங்கமுத்து காதைக் கொடுத்தான். சிங்கம் ரகசியம் பேசிற்று. சிங்கத்தின் ரகசியம் எட்டு மைல் கேட்கும் என்பது சிங்கத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அம்மாசெல்லம்ஒண்ணு!"

காட்டில் பறந்துகொண்டிருந்த பறவைகூட ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. எங்கேயோ ஒரு மந்தி இருமுகிற மாதிரி சிரித்தது. அங்கமுத்து சிரிக்கவில்லை, அவனுக்கு அதற்குத் தெம்பில்லை. அவன் அலுவலகத்துக்குத் திரும்பி ஓடி வருவதற்குள் உலகநாதன் அதை டைப் செய்து முடித்திருந்தார். பூட்டு திறந்திருந்தது. திரையில் வேறு வார்த்தைகள் இருந்தன.

'துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.'

மணி ஒன்றரை. உலகநாதன் "சாப்பாட்டு நேரம்" என்று எழுந்து, பலகையை மதித்து வெளியே போய் நாலு முட்டை சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு வந்தார். அதற்குள் நவநீதன் ஆலமரத்துக் கிளிகளிடம் கேட்டுவிட்டிருந்தான். அந்த மரத்தில் இருநூறு கிளிகள் உண்டு, ஓ.எஸ். போடுவதில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அங்கே போய்த்தான் கத்துவார்கள். கத்திப் பழகியவர்களுக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று. எனக்குத் தெரியும், போன வருஷம் நானும் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் அழுதிருக்கிறேன்.

"பென் டிரைவ் தெரியலை, என்ன பண்றது?" என்று நவநீதன் கேட்டான்.

"இதை ஆறு மாசம் முன்னாடியே ஒருத்தர் கேட்டாச்சு. தேடிப் பார்க்கவும்" என்றது முதல் கிளி.

"தும்பை எதுக்குப் போடறே? எருக்கு போடு. எருக்குதான் வேகம்" என்றது இரண்டாவது.

"எருக்கு போடறவனெல்லாம் ஒரு ஆளா?" என்றது மூன்றாவது. அதோடு அந்தக் கிளையில் சண்டை மூண்டு இறகு பறந்தது.

"எனக்கும் இதே பிரச்சினை இருந்துச்சு" என்றது ஒரு வயசான கிளி. நவநீதன் ஆவலாக மேலே பார்த்தான். "அப்புறம் சரியாப்போச்சு. நன்றி" என்று சொல்லிவிட்டு அது பறந்துபோயிற்று. எப்படிச் சரியாயிற்று என்று சொன்னால் அதன் அலகு தேய்ந்துவிடுமா? நவநீதனுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கண்ணில் கண்ணீர் திரள்வதற்கே ரொம்ப நேரம் பிடித்தது.

மணி மூன்றே முக்கால். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"அண்ணே, பெட்டியே போச்சுன்னு நினைக்கறேன்."

உலகநாதன் பெருமூச்சு விட்டார். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "சரி, இன்னைக்கு இவ்வளவுதான். திங்கக்கிழமை வா, பார்த்துக்கலாம்."

திங்கட்கிழமை! அங்கமுத்துவுக்குக் காது அடைத்தது. திங்கட்கிழமைக்கு வளை வீராசாமியுடையதாகிவிடும். பதினெட்டு நாள் குட்டி. இல்லை, இன்றைக்கு இருபது நாள், இந்த அலைச்சலில் அதைக்கூட மறந்துபோனான். செதில்கூட இன்னும் இறுகவில்லை. அதை எந்த வெட்டவெளியில் கொண்டுபோய் வைப்பது? பேச வாயைத் திறந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் பட்டினி, மூன்று நாள் முழிப்பு, எட்டு மைல் ஓட்டம். அப்படியே பொத்தென்று கம்ப்யூட்டர் பெட்டி முன்னால் விழுந்தான். மூக்கு பெட்டியின் முகத்தில் போய் முட்டியது.

மூன்று நாளாக எந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தானோ, அந்த வாசனை இப்போது நேராக மூக்குக்குள் ஏறிற்று. அவனுக்கு நினைவு இல்லை. ஆனால் நாக்குக்கு நினைவு இருந்தது. அது தானாக வெளியே வந்தது, மேலே வந்தது, வலது ஓட்டைக்குள் நுழைந்தது.

"யோவ்! பலகையைப் படிக்கலையா? அலுவலகத்துல சாப்பிடறியே!" என்று உலகநாதன் கத்தினார்.

நாக்குக்குக் காது கேட்காது. ஒரு இழுப்பில் எழுபது எறும்பு வெளியே வந்தது. அடுத்த இழுப்பில் காய்ந்துபோன சந்தனம், கட்டிக் குங்குமம், நாட்டுச் சர்க்கரை, அரைப் பொரி. அப்புறம் ராணி எறும்பு. பெட்டியின் மேலே படைத்ததை இறக்கிக் கொண்டுபோய், சந்தனச் சுவருக்குப் பின்னால் ஆறு மாதமாக ஒரு ஊரே குடியிருந்திருக்கிறது. அந்த ஊரின் மேல்தான் நவநீதன் காலையிலிருந்து மெத்து மெத்தென்று பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தான். இடது ஓட்டையையும் நாக்கு விடவில்லை. துடைத்துவிட்டுத்தான் உள்ளே போயிற்று.

நல்லவேளை, நவநீதன் அழுவதற்கு முன்னால் ஸ்விட்சை அணைத்திருந்தான். இல்லாவிட்டால் இந்தக் கதை இந்த இடத்திலேயே கருகியிருக்கும்.

அங்கமுத்து கண் விழித்தான். வாயில் சந்தன மணம். "மன்னிச்சிடுங்க சார், தெரியாமச் சாப்பிட்டுட்டேன்" என்று எழுந்து கும்பிட்டான்.

நவநீதன் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான், உள்ளே நான்கு பித்தளைக் கம்பி பளபளவென்று மின்னியது. பென் டிரைவைச் செருகினான். இந்த முறை டக்கென்று சத்தம் கேட்டது. ஸ்விட்ச், விரல், நீலத் திரை, அதற்குப் பிறகு ஒரு வெள்ளைப் பூ.

"அரை மணி நேரம்!" என்று கூவினான் நவநீதன். வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மையாயிற்று.

மணி நாலு ஐந்துக்குத் தும்பை ஒரு கேள்வி கேட்டது. 'பெட்டியில் இருப்பவை அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா, பழையதோடு சேர்ந்து இருக்கவா?'

"பழசையும் புதுசையும் ஒண்ணா வெக்கறதா? போகிக்குப் பழசைக் கழிக்காம பொங்கல் வெப்பாங்களா? அழி" என்றார் உலகநாதன்.

"எல்லாம் அழிஞ்சிடும் சார். பேக்கப் இருக்கா?"

"இருக்கு."

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். யார் எதைக் கேட்டாலும் முதல் தடவை 'இருக்கு' என்றும் இரண்டாம் தடவை 'இல்லை' என்றும் சொல்வது உலகநாதனின் முப்பது வருஷப் பழக்கம். நவநீதன் ஒரு தடவைதான் கேட்டான்.

நாலு முப்பத்தைந்துக்குத் தும்பை ஏறி முடிந்தது. திரை நிறைய வெள்ளைப் பூ. உலகநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பீரோவைத் திறந்து, மேலிடத்திலிருந்து வந்த வளைப் பதிவு சிடியை எடுத்துக் கொடுத்தார். நவநீதன் அதையும் ஏற்றினான். படிவம் வந்தது. பொங்கலிலிருந்து யாரும் பார்க்காத படிவம்.

பெயர்: அங்கமுத்து. தகப்பனார் பெயர், வளையின் ஆழம், வாசல் எந்தத் திசை, எல்லாம் ஆயிற்று. நாலு ஐம்பத்திரண்டுக்கு நான்கு எல்லை வந்தது. பட்டா என்றால் நான்கு எல்லை இல்லாமலா?

"வடக்கே யாரு?" என்று கேட்டார் உலகநாதன்.

"மிளா மான் வீட்டுப் புதர் சார்."

"பட்டியல்ல இருந்துதான் எடுக்கணுமாம். மிளா பேரு வரலையே. கிழக்கே?"

"ராஜா குகை சார்."

"ராஜா பேரும் வரலையே." உலகநாதன் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. மேலே சின்ன எழுத்தில் 'மொத்தப் பதிவுகள்: 0' என்று இருந்தது.

நவநீதன் கிட்ட வந்து அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தான்.

"சார், பேக்கப் எங்க சார்?" என்றான் நவநீதன்.

"இல்லை" என்றார் உலகநாதன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காடே போச்சு! ராஜா குகை போச்சு! என் பொந்து போச்சு!" என்று புலம்ப ஆரம்பித்தார். மணி நாலு ஐம்பத்தைந்து. அங்கமுத்து மேஜையின் மேல் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து எழுந்து நின்றான்.

"சார், மத்தவங்களுது அப்புறம் போகட்டும் சார். என்னுதைப் போட்டுடுங்க சார். குட்டி இருக்கு சார். உங்க காலை வேணும்னாலும் பிடிக்கறேன்."

"நான்கு எல்லை இல்லாம எப்படிய்யா போடறது?"

"கீழ 'யாரும் இல்லை'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க" என்றான் நவநீதன்.

வடக்கே யாரும் இல்லை. தெற்கே யாரும் இல்லை. கிழக்கே யாரும் இல்லை. மேற்கே யாரும் இல்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு நவநீதன் விரலை இறக்க ஆரம்பித்தான், நாலு ஐம்பத்தொன்பதுக்கு அது பொத்தானைத் தொட்டது. மூலையில் இருந்த பிரிண்டர் திடுக்கிட்டு விழித்து ஒரு தாளைத் துப்பிற்று. உலகநாதன் பழக்க தோஷத்தில் அதை வாங்கி ஸ்டாம்பு வைத்துவிட்டார். ஐந்து மணி அடித்தது. 'இந்த ஆண்டுக்கான பதிவு முடிந்தது. அடுத்த ஆண்டு வரவும்' என்று சொல்லிவிட்டுப் பதிவேடு தானே பூட்டிக்கொண்டது. ராஜாவின் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தார்கள், அதற்கெல்லாம் அது மசியவில்லை.

சரியாக ஐந்து ஐந்துக்கு வீராசாமி வந்தான். கூடவே சிங்கமும் வந்தது. சிபாரிசு செய்தவர் நேரில் வந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவன்தான் அழைத்து வந்திருந்தான். மத்தியானம் யார் இருமியது என்று விசாரிக்கவும் சிங்கத்துக்கு ஆசை.

"அந்த வளையை எனக்கு எழுதுங்க" என்றான் வீராசாமி.

உலகநாதன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படித்தார். "உரிமையாளர்: அங்கமுத்து. வடக்கே யாரும் இல்லாததால் ஆறு வரை. தெற்கே யாரும் இல்லாததால் மலை வரை. கிழக்கேயும் மேற்கேயும் யாரும் இல்லாததால் காடு முடியும் வரை. எல்லைக்குள் இருக்கும் குகை, பொந்து, புதர், பாறை அனைத்தும் மேற்படி வளையில் சேர்த்தி."

"அப்படின்னா?" என்றது சிங்கம்.

"அப்படின்னா..." உலகநாதன் தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "பதிவேட்டுப்படி இந்தக் காட்டுல குடியிருக்கறது அவர் ஒருத்தர்தான் ராஜா. நாமெல்லாம் ஆக்கிரமிப்பு."

சிங்கம் கர்ஜித்தது. அலுவலகத்துப் பலகைகள் மூன்றும் கீழே விழுந்தன. அங்கமுத்து பயந்துபோய், உலகநாதன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு பந்தாகச் சுருண்டுகொண்டான். வளைப் பட்டா உள்ளே, வயிற்றோடு வயிறாக.

"அவனைப் பிரி" என்றது சிங்கம். வீராசாமி முட்டிப் பார்த்தான், கோரைப்பல் வலித்தது. சிங்கம் நகத்தால் பிறாண்டிப் பார்த்தது. அழுங்குப் பந்து அப்படியே இருந்தது.

உலகநாதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "அடிச்சு ஒண்ணும் ஆகாது ராஜா. ஆக்கிரமிப்பாளர் குடியிருக்கணும்னா உரிமையாளர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும். மனு ஒண்ணு, ஜெராக்ஸ் ரெண்டு, போட்டோ மூணு."

என்ன செய்வது, சிங்கம் வரிசையில் நின்றது. அதன் பின்னால் வீராசாமி. விஷயம் பரவி, மிளா, மந்தி, எலி என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். வரிசை ஆலமரம் வரை போயிற்று. மேலே கிளிகள், "இந்த மனுவை ஏற்கெனவே ஒருத்தர் கொடுத்தாச்சு, தேடிப் பார்க்கவும்" என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தன.

கர்ஜனை கேட்டுப் பதறி ஓடி வந்த பவளாயி, வரிசையைத் தாண்டி நேராகப் பந்துக்குப் பக்கத்தில் போனாள். வாலில் குட்டி. ராஜாவைக்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னங்க" என்று செதிலைத் தட்டினாள். "வளை நம்மளுதுதானா?"

"நம்மளுதுதான்" என்றது பந்து.

பவளாயி அழுதேவிட்டாள். பந்து கொஞ்சமே கொஞ்சம் திறந்தது, குட்டியை உள்ளே வாங்கிக்கொண்டு மறுபடி மூடிக்கொண்டது.

"ஏங்க, வெளிய ராஜா நிக்கறாரு. ஏதோ கையெழுத்தாம். ரொம்ப நேரமா வரிசையில நிக்கறாருங்க."

உள்ளேயிருந்து நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது. மூன்று நாள் கொட்டாவி.

"திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றான் அங்கமுத்து.

நீதி: கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் முதலில் ஸ்விட்சை அணையுங்கள், பிறகு நக்கிப் பாருங்கள். அதற்கும் ஓடவில்லை என்றால் எல்லோருடையதையும் அழித்துவிட்டு வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள், காடு உங்களுடையது. பேக்கப் எடுத்து வைப்பதைப் பற்றி இதைவிட நல்ல நீதி ஒன்று எழுதி வைத்திருந்தேன், அது அந்தப் பெட்டியில்தான் இருந்தது.